ஈயமில்லாத் தூண்டில்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை விடுமுறை என்பதால் எழுத நேரம் கிடைத்தது. வாசிக்க நேரமில்லாதவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். போன கிழமை நாயாற்றில் நாங்கள் முழங்கால் தண்ணீரில் நிற்கும் படத்தைப் போட்டபோது, "சேர், கையில என்ன சாட்டை? மாடு கலைக்கிறீங்களோ?" என்று கேட்ட பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

நாங்கள் என்றால் நாலைந்து பேர். ஒரே பாடசாலையில் படிப்பிக்கிற இரண்டு பேர், ஒரு மச்சான், வட்டுவாகல் பக்கம் வலைத்தொழில் செய்கிற ஓர் அண்ணை. இந்தமுறை எங்கள் வாப்பாவும் வந்தார். சனிக்கிழமைகளில் தூண்டில் தடியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிற ஆட்கள் என்று ஊருக்கே எங்களைத் தெரியும். பெரிதாக எதுவும் பிடித்துக்கொண்டு வருவதில்லை என்பதும் தெரியும்.

இந்த விடுமுறையில் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். தகப்பனின் ஊர் முல்லைத்தீவு. அவர் பிறந்ததே அங்கேதான். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்கத்தான் கஷ்டம். மாமி வீட்டில் நின்றவர் எங்களைத் தேடிப் பிடித்து, "அங்கிள், இங்க தெளிஞ்ச தண்ணி, இடுப்பளவு ஆழம், மணல் தரை, அப்பிடி எங்க இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் யோசிக்கவே இல்லை. நந்திக்கடல் என்று சொல்லிவிட்டோம்.

அண்ணை அப்போது ஒன்றும் பேசவில்லை. தம்பி போன பிறகு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாஸ்ரர், நந்திக்கடல்ல நான் நெடுக இறங்கிறனான். இறாலுக்கு இறங்கிறன், வீச்சுவலையோட இறங்கிறன். அது என்ர பிள்ளையளின்ர சோறு. தொழிலுக்கு இறங்கிறது வேற, விளையாட்டுக்கு இறங்கிறது வேற. நாங்கள் அதுக்குள்ளால எப்பிடி வந்தனாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணிக்க நிண்டு மீனோட விளையாட எனக்கு ஏலாது. நீங்களும் அந்தப் பெடியனைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ."

2009 மே மாதம் அந்தத் தண்ணீரைக் கடந்து வந்தவர் அவர். எத்தனை பேரோடு இறங்கினார், எத்தனை பேரோடு கரையேறினார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. 2009இல் நாங்கள் இங்கே இல்லை, புத்தளத்தில் இருந்தோம். இல்லாதவர்கள் வாயைத் திறக்க முந்தி ஒருமுறை யோசிக்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் யோசிக்கவில்லை. அண்ணையிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டோம். இங்கேயும் ஒருதரம் கேட்டுக்கொள்கிறோம்.

அப்படித்தான் இடம் நாயாறு ஆனது.

இனி அந்தச் சாட்டை விஷயம். அதற்குப் பெயர் பிளை பிஷிங். ஆங்கிலத்தில் பிளை என்றால் ஈ. குளிர்நாட்டு ஆறுகளில் ட்றவுட் மீன் தண்ணீருக்கு மேலே விழுகிற பூச்சிகளைத் தின்னும். அதற்காகத் தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் கட்டிப் பூச்சியைப் போலச் செய்து போட்டார்கள். எங்கள் நாட்டுக்கும் அது புதிதல்ல. வெள்ளைக்காரர் 1880களில் நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில் ட்றவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதே இந்த விளையாட்டுக்காகத்தான். பிறகு அதே முறையைக் கடலுக்குக் கொண்டு போனார்கள். கடலில் ஈ ஏது? பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கட்டுவதெல்லாம் இறால், சின்ன நண்டு, குஞ்சுமீன் உருவங்கள்.

நாங்கள் தூண்டில் எறியும்போது ஈயம்தான் தங்கூசியை இழுத்துக்கொண்டு பறக்கிறது. இதில் ஈயமே இல்லை. முள்ளில் கட்டிய இறகுக்குப் பாரமும் இல்லை. பாரம் முழுக்கக் கயிற்றில். பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு அது, நுனியில் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் கூட மெல்லிய தங்கூசி. தடியை முன்னும் பின்னும் வீச, கயிறு தலைக்கு மேலே வளையம் வளையமாகப் போய்வரும். நேரம் பார்த்து விட்டால் அது நேராக நீண்டு போய், நுனியிலுள்ள இறகு சத்தமே இல்லாமல் தண்ணீரில் விழும். ஈயம் விழுகிற 'டொப்' சத்தம் கேட்டால் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற மீன் ஓடிவிடும் அல்லவா? அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

பார்க்க லேசு. எங்களில் ஒருவர் முதல் வீச்சிலேயே தன் தொப்பியைப் பிடித்தார். மச்சான் அண்ணையின் சறத்தைப் பிடித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது காத்துக்கொண்டு இருக்கிற தூண்டில் அல்ல, பார்த்துப் போடுகிற தூண்டில். வெயிலை முதுகுக்கு வைத்துக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். தண்ணீரின் மினுக்கத்தை வெட்டுகிற கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். மீனைக் கண்ணால் கண்ட பிறகுதான் எறிவது. மீனைவிட அதன் நிழல்தான் மணலில் முதலில் தெரியும். தம்பி இதை ஒரு பாடமாக விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, அண்ணை அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். கண்ணாடி இல்லாமல், கரையில் நின்றபடியே, "அந்தா திரளி போகுது, அதுக்குப் பின்னால கட்டா ரெண்டு" என்று காட்டினார். தம்பி கண்ணாடியோடு தேடித் தேடிப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீர் சுழித்தபோதுதான் நம்பினார். அதிலிருந்து அவர் அண்ணையை விட்டு விலகவில்லை.

நாயாற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் போகிற வீதியில் பாலத்துக்கு அப்பால் களப்பு கடலோடு சேர்கிற தொடுவாய் இருக்கிறது. மாரியில் வெள்ளம் உடைத்துக்கொண்டு ஓடும். கோடையில் அலை மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும். நாங்கள் போன நேரம் தொடுவாய் முழுதாக அடைபடவில்லை. இரண்டு பக்கமும் மணல் திட்டு, நடுவில் பச்சை நிறத்தில் ஓட்டம். களப்பு 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது, நந்திக்கடலும் அப்படியே. அதனால் உள்ளே போகாமல் கடல் பக்கத் திட்டில்தான் நின்றோம்.

தம்பிக்கு ஒரு விஷயம் பெரிய ஆச்சரியம். அவர் மீன்பிடிக்கிற வட அவுஸ்திரேலியாவில், டார்வின் பக்கத்தில், கடல் ஒரே நாளில் 7 மீற்றருக்கு மேலும் ஏறி இறங்குமாம். தண்ணீர் வற்றும்போது மைல் கணக்கில் தரை வெளித்துவிடும், பெருகும்போது மீன் அதோடு சேர்ந்து ஏறிவரும். எங்கள் கடலில் ஏற்றவிறக்கம் இரண்டடிக்குக் கிட்டத்தான். இங்கே நேரம் சொல்வது தொடுவாயும் மழையும் காற்றும். "அலைக் கணக்கைப் போனில பாத்து வச்சனான், இங்க உதவாது போல" என்றார். "போனை வச்சிட்டு என்னட்டக் கேளும் தம்பி" என்றார் அண்ணை.

வாப்பாவைக் கூட்டிப்போக நாங்கள் நினைத்திருக்கவில்லை. எண்பதை நெருங்குகிற ஆள். வீட்டு விறாந்தையில் தம்பி தன் பெட்டியைத் திறந்து இறகு கட்டிய முட்களை அடுக்கிக் காட்டியபோது, வாப்பா கதிரையில் இருந்து எழும்பி வந்தார். ஒன்றைக் கையில் எடுத்தார். வெள்ளை இறகு, கண்ணுக்கு இரண்டு சின்ன உலோகக் குண்டு. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நாங்க கட்டுறதுதானே" என்றார்.

உள்ளே போய் ஒரு பிஸ்கட் ரின்னோடு வந்தார். அந்த ரின் எங்கள் வீட்டில் இருப்பது எங்களுக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தையல் சாமான் என்றே நினைத்திருந்தோம்.

உள்ளே துருப்பிடித்த தூண்டில் முட்கள். சில முட்களில் வெள்ளைச் சேவலின் இறகு கட்டியிருந்தது, அதாவது கட்டிய நூல் இருந்தது. இறகைப் பூச்சி அரித்து நடுநரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. 1990க்கு முந்தி, விடிய சுபஹு தொழுதுவிட்டு சைக்கிளில் கடற்கரைக்குப் போய், ஈயம் போடாமல், நீண்ட மூங்கில் தடியில் இந்த இறகு முள்ளைக் கட்டித் தண்ணீருக்கு மேலே ஆட்டி ஆட்டிப் பாரைக்குஞ்சும் கட்டாவும் பிடிப்பாராம். இதையெல்லாம் அவர் எங்களுக்குச் சொன்னதே இல்லை.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்ட கதையை இந்தப் பக்கத்தில் முன்னும் எழுதியிருக்கிறோம். ஏறத்தாழ 75,000 பேர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆட்களும் அதில் அடக்கம். எடுத்துப்போக விட்டது கொஞ்சம். உம்மாவின் உடுப்பு மூட்டைக்குள் இந்த ரின் எப்படி வந்தது என்று வாப்பாவுக்கே ஞாபகமில்லை. யாரும் ஆசைப்படாத பொருள் என்பதால் தப்பியிருக்கும்.

புத்தளத்தில் வீட்டுக்கும் களப்புக்கும் நடக்கிற தூரம்தான். ஆனால் வாப்பா அங்கே ஒருநாளும் தூண்டில் போட்டதில்லை. அங்கே எங்களுக்கு இடம் தந்தவர்களின் நன்றியை மறக்க மாட்டோம். ஆனால் களப்பில் அவர்களுடைய பிழைப்பு இருந்தது, ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிய நாங்களும் அதே தண்ணீரில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று வாப்பா யோசித்திருக்கிறார். வந்த புதிதில் ஒருநாள் கரையில் நின்றபோது யாரோ ஒருவர், "அகதிக்கு என்னத்துக்குக் களப்பு" என்று கேட்டதாகவும் இப்போதுதான் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோபமாகச் சொல்லவில்லை. "அவனும் வயித்துக்குத்தானே சொன்னான்" என்றார். ரின்னை அன்றைக்கு மூடியதுதான்.

திரும்பி வந்த பிறகும் ஏன் திறக்கவில்லை என்று கேட்டோம். வந்தபோது காணி காடாகக் கிடந்தது, கடற்கரையில் எங்கே இறங்கலாம் எங்கே இறங்கக்கூடாது என்று தெரியாது, பிறகு முழங்கால் வருத்தம். "பிறகு மறந்திட்டன்" என்றார். மறந்தவர் ரின்னை வீடு வீடாகக் கொண்டு திரிய மாட்டார் என்று உம்மா அடுப்படியில் இருந்து சொன்னது எங்களுக்கு மட்டும்தான் கேட்டது.

அடுத்த நாள் ஓட்டோ பிடித்து வாப்பாவை நாயாற்றுக்குக் கூட்டிப்போனோம். பிளாஸ்டிக் கதிரையும் குடையும் தேத்தண்ணிப் போத்தலும் உம்மா தந்துவிட்டது.

எட்டு மணி போல ஓட்டத்தின் ஓரத்தில் பாரை வந்தது. குஞ்சுமீன்கள் தண்ணீருக்கு மேலே சிதறித் துள்ளின. தம்பி இரண்டு வீச்சில் கயிற்றைக் கொண்டுபோய்ப் போட்டார். இடது கையால் கயிற்றைக் கட்டம் கட்டமாக இழுக்க, இறகு குஞ்சுமீன் மாதிரி ஓடி நின்று ஓடியது. மீன் எடுத்தபோது எங்களுக்குப் பழகிய மாதிரித் தடியைத் தூக்கவில்லை, கயிற்றைத்தான் கையால் வெட்டி இழுத்தார். கடல்மீனுக்குத் தடியைத் தூக்கினால் முள் ஏறாதாம். அதன் பிறகு றீலில் இருந்து கயிறு போன வேகம் இருக்கிறதே! தடித்த கயிறு முழுவதும் போய், அதற்குப் பின்னால் கட்டியிருந்த மெல்லிய நூலும் போய்க்கொண்டிருந்தது. வாப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "விட்டுப் பிடி, விட்டுப் பிடி!" என்று கத்தினார். நாங்கள் அவருடைய அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருடம்!

மூன்று கிலோவுக்குக் குறையாத பாரை. தம்பி முழங்காலில் இருந்து, மீனைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றப் போனார். அவருடைய முட்களில் கொழுவிப் பிடிக்கிற பின்முனையைக் குறட்டால் நசுக்கி வைத்திருந்தார், லேசாகக் கழறுவதற்காக. விடப்போகிறார் என்று விளங்கியதும் அண்ணை, "தம்பி, என்ன செய்யிறீர்?" என்று ஓடி வந்தார். வெளிப் படகுகள் வெளிச்சம் பாய்ச்சி அள்ளிப் போன மாதங்களில் அண்ணை எத்தனை நாள் வெறும் வள்ளத்தோடு வந்தார் என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கு அந்த மீன் ஒருநாள் உழைப்பு.

எங்களுக்கு வேறு ஒரு உறுத்தல். உண்பதற்கு மீன் பிடிப்பதில் எங்கள் மார்க்கத்தில் ஒரு தடையும் இல்லை. ஓர் உயிரை வெறும் பொழுதுபோக்குக்கு வருத்துவது கூடாது என்றுதான் சின்ன வயதில் இருந்து படித்திருக்கிறோம். பிடித்து, களைக்கப் பண்ணி, பிறகு விடுவது எந்தக் கணக்கில் சேரும்? எங்களுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம். மச்சான், கொல்லாமல் விடுகிறானே, நல்லதுதானே என்றார். வயிற்றுக்கு இல்லையென்றால் முதலில் முள்ளைப் போடாமல் விடலாமே என்றார் மற்றவர். நாங்கள் ஆலிம்கள் இல்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், ஆனால் சண்டை வேண்டாம்.

தம்பி மீனின் செவுளைப் பார்த்தார். முள் செவுளில் ஏறி இரத்தம் வந்துகொண்டிருந்தது. "இது பிழைக்காது அண்ணை. செவுளில இரத்தம் வந்தா விட்டாலும் சாகும். நீங்க கொண்டு போங்கோ" என்று கொடுத்தார். அடுத்தது ஒரு கட்டா. முள் உதட்டில் மட்டும். அதை விட்டார். மீன் உடனே ஓடவில்லை, அவருடைய கைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு வாலை ஒருதரம் அடித்துவிட்டுப் போனது. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. முதல் மீன் சாக்கில் இருந்ததால் இருக்கலாம்.

தேத்தண்ணி குடிக்கும்போது தம்பி வேறு நாடுகளின் கதை சொன்னார். சீஷெல்ஸ் தீவுகளில் எங்கள் பாரையின் பெரிய இனத்தைத் தேடி உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பாலைமீனைக்கூட விடவில்லை. அது பாசி தின்கிற மீன் என்பதால் பச்சைப் பாசி மாதிரியே தூண்டில் கட்டிப் பிடிக்கிறார்களாம். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் இப்படிப் பிடிக்கிற மூன்று இன மீன்களைப் பிடித்தால் விட்டேயாக வேண்டும் என்று 2009இல் சட்டம் போட்டார்கள். உயிரோடு திரிகிற மீன் அங்கே திரும்பத் திரும்பக் காசு கொண்டுவருகிறது. பஹாமாஸில் சார்ளி ஸ்மித் என்ற உள்ளூர் வழிகாட்டியோடு மீன்பிடிக்கப் போன அமெரிக்கர் ஒருவர் 1977இல் ஒரு தூண்டிலைக் கட்டினார். அதற்கு அந்த வழிகாட்டியின் பெயரையே வைத்தார்கள். இன்றைக்கும் உலகக் கடைகளில் அந்தப் பெயரில்தான் விற்கிறது.

அண்ணை இதைக் கவனமாகக் கேட்டார். பிறகு கேட்ட கேள்வி இதுதான்: "அங்க வழி காட்டுறவன் அந்த ஊர்க்காரனோ, இல்லாட்டி கொம்பனிக்காரன் கொண்டுவந்த ஆளோ?" தம்பி, இடத்துக்கு இடம் வித்தியாசம் என்றார். "அதுதான் கதை" என்று சொல்லிவிட்டு அண்ணை பீடியைப் பற்ற வைத்தார்.

இப்போது சுற்றுலா, முதலீடு என்று நிறையப் பேர் எங்கள் கரைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கற்பிட்டியில் கடற்கரை எப்படி மாறியது என்று அங்கே இருபது வருடம் இருந்த எங்களுக்குத் தெரியும். சிலருக்கு வேலை கிடைத்தது, சிலருக்குக் கரைக்குப் போகிற பாதை இல்லாமல் போனது. நாளைக்கு நாயாற்றுக்கோ கொக்கிளாய்க்கோ இப்படி ஒரு யோசனையோடு யாராவது வந்தால், மீன் நிற்கிற இடத்தைக் கண்ணாடி இல்லாமல் காட்டக்கூடிய அண்ணைமாரிடம் முதலில் கேட்க வேண்டும். நந்திக்கடல் பற்றி அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று விளக்கம் கேட்கக்கூடாது. எங்கள் அபிப்பிராயம் இவ்வளவுதான்.

கடைசியாக வாப்பாவின் கதை. ரின்னில் இருந்த முட்களில் ஒன்றைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். அயல்வீட்டுச் சேவலிடம் ஓர் இறகு வாங்கி (சேவலிடம் கேட்டது யார் என்பது வேறு கதை), முதல் நாள் இரவே கட்டி முடித்திருந்தார். தம்பி அதைத் தன் கயிற்றில் முடிந்து தடியை வாப்பாவிடம் கொடுத்தார். தோள் இடம் கொடுக்கவில்லை. கயிறு முன்னால் போகாமல் காலடியில் சுருண்டு விழுந்தது. நாலைந்து தரம் முயற்சி செய்தார். பிறகு தம்பி வீசிக் கொடுக்க, வாப்பா கயிற்றை மட்டும் இழுத்தார். பத்து, பதினைந்து தரம். ஒரு மீனும் எடுக்கவில்லை. ஒரு தரம் பின்னால் நிழல் ஒன்று வந்து திரும்பியதாக வாப்பா சொல்கிறார். நாங்கள் காணவில்லை.

"காத்துச் சரியில்ல" என்று தடியைத் திருப்பிக் கொடுத்தார். வரும் வழியில் தடியும் றீலும் என்ன விலை என்று தம்பியிடம் கேட்டார். சொன்ன தொகை எங்கள் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். வாப்பா பாலம் தாண்டும் வரைக்கும் பேசவில்லை. பிறகு, "மூங்கில் இப்ப எங்க எடுக்கலாம்?" என்று கேட்டார்.

தம்பி போன புதன்கிழமை திரும்பிப் போய்விட்டார். வாப்பாவின் முள்ளைக் கேட்டு வாங்கிப் போனார். பதிலுக்குத் தன்னுடைய முட்களில் ஆறைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். அவை இப்போது ரின்னில்.

ஒட்டுசுட்டான் பக்கம் நல்ல மூங்கில் இருப்பதாக ஒருவர் சொன்னார். யாரிடமாவது நேரான, மெல்லிய, பத்தடிக்குக் குறையாத மூங்கில் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், வந்து எடுக்கிறோம். வெள்ளைச் சேவல் அறுக்கிறவர்கள் கழுத்து இறகை வீசாமல் வையுங்கள். காற்று நன்றாக இருந்தால் வரும் சனிக்கிழமை ஆறு மணிக்கு நாயாற்றுப் பாலத்தடியில் நிற்போம்.